இருபது நிமிடச் சம்மதம்

சிவப்புப் பட்டனை அமுக்கியாச்சு, ஆனா ஒண்ணும் அழியல. இந்தப் புது வெர்ஷனோட பெருமையே அதுதான், இப்போ என் உயிரை வாங்குறதும் அதேதான். மணி காலையில பத்து ஐம்பத்திரண்டு. திரையில ஒரு கட்டம் வந்து நிக்குது: லேப்டாப் 33-ஐ அழிக்கக் கேட்டிருக்கிறீர்கள், அதை உபயோகிப்பவர் சம்மதம் தர வேண்டும், தராவிட்டால் கோரிக்கை ரத்து, மீதம் இருபது நிமிடம். பக்கத்துல பூங்கோதை போட்டோ. ஜெசிந்தா, நல்லா மூச்சு விடு, இது போன தடவை மாதிரி இல்ல. போன தடவை பட்டனை அமுக்கின மூணாவது செகண்டுல கீழ்த்தளத்துல ஒருத்தியோட ஏழு மாச உழைப்பு போச்சு. இந்த தடவை இருபது நிமிஷம் இருக்கு. இருபது நிமிஷம்ங்கிறது எவ்வளவு பெரிய மரியாதை! எந்த ஊர்ல உக்காந்து எவங்க யோசிச்சாங்களோ, அவங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும். இந்தத் திருச்சி காது ஆஸ்பத்திரியில மொத்தம் நூத்துப் பன்னெண்டு லேப்டாப், அத்தனையையும் ரெண்டாவது மாடியில இந்த ஏசி ரூமுக்குள்ள இருந்து நான்தான் பாத்துக்கிறேன். நான்னா நானும் இந்த மென்பொருளும். அதுக்கு நான் வச்ச பேரு மேய்ப்பன். எந்த மெஷின் எங்க நிக்குது, எதுக்குச் சீக்கு, எது மூணு நாளா முகமே காட்டலன்னு எல்லாம் மேய்ப்பனுக்குத் தெரியும். போன வாரம் அதுக்குப் புது வெர்ஷன் வந்துச்சு, போட்டேன். போட்டு அஞ்சு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள சோதனை. பத்தரைக்கு ரிசப்ஷன்ல இருந்து தேன்மொழி போன் பண்ணினா. “மேடம், பூங்கோதை மேடத்தோட லேப்டாப் பை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல காணாமப் போயிருச்சாம். டீ குடிக்க இறங்கின கேப்புல எவனோ தூக்கிட்டானாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.” சொல்லச் சொன்னாங்களாம். பாரு, இருபத்திரண்டு படி ஏறி வந்து சொல்ல முடியாது, ஒரு போன் போட முடியாது, ஆள் விட்டுச் சொல்றா. ஒன்றரை வருஷமா இப்படித்தான்.

பத்தொம்பது நிமிஷம். பச்சைப் புள்ளி எரியுது. அப்படின்னா 33 இப்போ உயிரோட இருக்கு, எவனோ திறந்து நெட்ல மாட்டியிருக்கான், காந்தி மார்க்கெட் பக்கம்னு மேய்ப்பன் காட்டுது. ஏதாவது செல்போன் கடையா இருக்கும். களவாணிப் பய, திருடினதைத் திருடின கையோட விக்கப் போயிட்டான். அவன் நெட்ல இருக்கிற வரைக்கும்தான் நான் அனுப்புற உத்தரவு அங்க போய்ச் சேரும். மூடி வச்சுட்டான்னா போச்சு. திரைக்குப் பூட்டு போட்டுட்டேன், அது பத்து நாப்பதுக்கே போட்டாச்சு, அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம். ஆனா திரைப் பூட்டு என்ன பூட்டு? 33 பழைய மெஷின், உள்ள இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி வேற ஒண்ணுல மாட்டினா எல்லாத்தையும் படிச்சிடலாம். பிள்ளைங்க பேரு, அம்மா அப்பா போன் நம்பர், வீட்டு விலாசம், எந்தக் காது எவ்வளவு கேக்காது, எல்லாம் அதுல இருக்கு. அதனால அழிச்சே ஆகணும். அழிச்சா என்ன போகும்? இங்கதான் வருது புது வெர்ஷனோட ரெண்டாவது பெருமை, இதைப் பாத்துட்டு போன வாரம் தனியா உக்காந்து கை தட்டினேன், சத்தியமா. அழிக்கிறதுக்கு முன்னாடி மேய்ப்பன் ஒரு பட்டியல் போடுது. காப்பி எடுக்காத கோப்புகள், இவை திரும்பக் கிடைக்காது. அதே பட்டியல் சம்மதம் கொடுக்க வேண்டியவங்க போனுக்கும் போகுது. பழைய வெர்ஷன் இதெல்லாம் கேக்கவே கேக்காது, சொன்னதைச் செய்யும், அடியாள் மாதிரி. இன்னைக்குப் பட்டியல்ல மூணே மூணு வரி. அஃப்ரின் ஒண்ணு, அஃப்ரின் ரெண்டு, அஃப்ரின் மூணு. நேத்து சாயங்காலம் ஆறு மணி, ஆறு பத்து, ஆறு இருபது. காப்பி எடுக்கிற வேலை நம்ம ஆஸ்பத்திரி நெட்டுக்குள்ள வந்தாதான் நடக்கும், பிள்ளைங்க சமாச்சாரம் வெளிய கண்ட கண்ட நெட்டுல போகக் கூடாதுன்னு அப்படி வச்சவளே நான்தான். லேப்டாப் நேத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கே வரல.

அஃப்ரின் யாருன்னு எனக்குத் தெரியும். நேர்ல பழக்கம் இல்ல, ஒரே ஒரு தடவை லிஃப்ட்டுல பாத்திருக்கேன், துவரங்குறிச்சிப் பிள்ளை, ரெண்டரை வயசு, அம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டு என் கழுத்துச் சிலுவையைப் புடிச்சு இழுத்துச்சு. பொறந்ததுல இருந்து காது கேக்காது. மூணு வாரத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள கருவி வச்சாங்க. புண்ணு ஆறணும்னு கருவியை இன்னும் ஆன் பண்ணல. ஆன் பண்றது இன்னைக்கு. ரிசப்ஷன் போர்டுல காலையில வரும்போதே பாத்தேன், அஃப்ரின், பதினொன்றரை, ஒலிபுகா அறை, பூங்கோதை. பூங்கோதையோட வேலையே அதுதான், கருவியை ஆன் பண்ணி, பிள்ளைக்குக் கேக்குதான்னு பாத்து, பேசப் பழக்குறது. அவ ஒரு ஆய்வும் பண்றா. சத்தமே கேக்காத பிள்ளை என்ன சத்தம் போடும்? அதைக் கருவி ஆன் பண்றதுக்கு முன்னாடி பதிவு பண்ணுவா, அழுகை ஒண்ணு, சிரிப்பு ஒண்ணு, அம்மாவைக் கூப்பிடுறது ஒண்ணு. அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சுப் பதிவு பண்ணி ரெண்டையும் வச்சுப் பாப்பா. பின்னாடி எடுக்கிறதை எப்ப வேணா எடுக்கலாம். முன்னாடி எடுக்கிறது ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவை கேட்டுட்ட பிள்ளை மறுபடி கேக்காத பிள்ளை ஆகாது. அந்தக் குரல் அன்னைக்கோட முடிஞ்சு போச்சு. இது அவளே எனக்குச் சொன்னது, என் டப்பாவுல இருந்து கருவாட்டுத் தொக்கை எடுத்துப் போட்டுக்கிட்டே சொன்னது, நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட காலத்துல. பதிவு பண்றதுக்கு முன்னாடி கண்ணாடி வளையல் பன்னெண்டையும் ஒண்ணொண்ணா கழட்டி வைப்பா, சத்தம் விழக் கூடாதுன்னு. “பன்னெண்டு வளையல் எதுக்குடி போடுற, வேலையத்தவளே”ன்னு கேட்டா, “கழட்டி வைக்கிற நேரத்துல பிள்ளை என்னைப் பழகிக்கும்டி”ம்பா. அப்படி ஒரு ஆளு. பொறுமைன்னா பொறுமை, அவ பொறுமையில கால்வாசி எனக்கு இருந்திருந்தா அந்த எட்டு என்னை என்ன பண்ணியிருக்கும்?

எட்டு. மாதாவே, அந்த எட்டு. ஒண்ணேமுக்கால் வருஷத்துக்கு முன்னாடி எங்க நிர்வாக அதிகாரி ரெங்கமணி சாருக்கு நான் கொடுத்த லேப்டாப்புல 26-ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ரெண்டும் ஆறும் எட்டு. “என்னம்மா ஜெசிந்தா, சனி நம்பரைக் கொண்டாந்து என் தலையில கட்டுற?”ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். “சார், இது மெஷின், ஜாதகம் இல்ல”ன்னேன். அவரும் சிரிச்சாரு, விட்டுட்டாருன்னு நினைச்சேன். மனுஷன் விடுவாரா? பூங்கோதை மெஷின் 24, ரெண்டும் நாலும் ஆறு, சுக்கிரன். ஒரு மத்தியானம் அவகிட்ட போய், “உனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லையே பாப்பா?”ன்னு கேட்டு, ரெண்டு ஸ்டிக்கரையும் கிழியாம உரிச்சு, இடம் மாத்தி ஒட்டிக்கிட்டாரு. அவளும் சிரிச்சுக்கிட்டே கொடுத்திருக்கா. ரெண்டு பேருமே என்கிட்ட மூச்சு விடல. விடணும்னு அவங்களுக்குத் தோணியிருக்காது, நாற்காலி மாத்திக்கிற மாதிரி நினைச்சுட்டாங்க. மூணு மாசம் கழிச்சு ரெங்கமணி சார் சென்னை போற ரயில்ல லேப்டாப்பைத் தொலைச்சுட்டு வந்து என் தலைமாட்டுல நின்னாரு. “சம்பள விவரம் எல்லாம் அதுல இருக்கும்மா, உடனே அழி, உடனே அழி.” நம்பர் என்ன சார்? “இருபத்திநாலு.” நான் 24-ஐத் தேடினேன், எடுத்தேன், அமுக்கினேன். பழைய வெர்ஷன்ல நம்பரும் மாடலும்தான் தெரியும், யாரோட மெஷின்னு பாக்க இன்னொரு பக்கம் போகணும். போகல. அவரு அவசரப்படுத்தினாருன்னு நான் சொல்லிக்கிறேன், ஆனா பத்து செகண்டு ஆகியிருக்குமா அந்தப் பக்கம் போக? கீழ ஒலிபுகா அறையில பூங்கோதை ஒரு பிள்ளையோட அப்பாவுக்குப் பழைய பதிவைப் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கா. பாதியில திரை கருப்பாயிடுச்சு. முப்பத்தேழு பிள்ளைங்களோட முன்னாடிக் குரல். காப்பி இருக்கும்னு ஓடிப் போய்ப் பாத்தேன். ஏழு மாசமா காப்பி எடுக்கிற வேலையே நின்னு போயிருக்கு, நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு தினம் ஒரு சிவப்பு மெயில் எனக்கு வந்துக்கிட்டே இருந்திருக்கு, நான் ஒண்ணைக்கூடத் திறக்கல. ஸ்டிக்கரை மாத்தினது அவங்க. மெயிலைத் திறக்காதது நான்.

பதினஞ்சு நிமிஷம். போன் போட்டுப் பாப்போம். அடிக்குது, அடிக்குது, எடுக்கல. தேன்மொழிக்குப் போட்டேன். “மேடம், அவங்க ஒலிபுகா அறைக்குள்ள போயிட்டாங்க, சிவப்பு பல்பு எரியுது, கதவைத் தட்டக் கூடாது. அந்தப் பிள்ளை அஃப்ரினும் அவங்க அம்மாவும் உள்ள இருக்காங்க.” பதினொன்றரைக்குத்தானேன்னேன். “சீக்கிரமே வந்துட்டாங்க மேடம், நேத்து பூங்கோதை மேடம் துவரங்குறிச்சிக்கே போய் அவங்க வீட்டுலயே தங்கிட்டாங்களாம், காலையில ஒரே பஸ்ல சேந்துதான் வந்தாங்களாம்.” ஐயோ கடவுளே. உள்ள போயிட்டாளா? அப்போ ஆன் பண்ணப் போறாளா? அவளுக்குத் தெரியாதே, நேத்து எடுத்தது பத்திரமா காப்பி ஆகியிருக்கும்னுதானே நினைச்சுக்கிட்டு இருப்பா. லேப்டாப்தானே போச்சு, பதிவு இருக்குன்னு. தெரியணும்னா அவ போனைப் பாக்கணும். பாத்தா மேய்ப்பன் அனுப்பின பட்டியல் இருக்கும், முதல் வரியே அஃப்ரின்தான். இந்த ஆஸ்பத்திரியில யார் போனும் மணி அடிக்காது, விளக்குதான் மின்னும், அவசரம்னா மூணு தடவை மின்னும். பாருடி, போனைப் பாரு. நான் இறங்கி ஓடலாமா? ஓடினா அவ சம்மதம் கொடுத்த அடுத்த நிமிஷத்துக்குள்ள நான் இங்க உக்காந்து என் பாஸ்வேர்டைப் போடணும், போடலைன்னா உத்தரவு போகாது, அதுவும் புது வெர்ஷன் வச்ச காவல்தான். முருகவேலாவது இருந்தா அவனை ஓட விடலாம், என் டிபார்ட்மெண்டுல என்னைத் தவிர இருக்கிற ஒரே ஆளு, அவன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்துன்னு மணப்பாறைக்கு லீவு போட்டுப் போயிருக்கான். காது ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கிட்டு காதுகுத்துக்கு லீவு. எனக்கு சிரிப்பு வருது பாரு, இந்த நேரத்துல போய் சிரிப்பு வருது.

பதிமூணு. யாருக்குச் சம்மதம் கேட்டு அனுப்பணும்னு போன வாரம் மேய்ப்பன் என்னைக் கேட்டுச்சு. டைரக்டர் பேரைப் போடலாம், ரெங்கமணி சார் பேரைப் போடலாம், இல்ல அந்தந்த மெஷினை உபயோகிக்கிறவங்க பேரையே போடலாம். நான் மூணாவதைப் போட்டேன். டைரக்டர் கூப்பிட்டுக் கேட்டாரு, “தொலைச்சவங்ககிட்டயே போய்ச் சம்மதம் கேப்பாங்களாம்மா? அவங்க பதட்டத்துல இருப்பாங்க.” “பதட்டத்துல இருந்தாலும் அது அவங்க உழைப்பு சார், கேக்காம அழிக்க மாட்டேன்”ன்னேன். சத்தமா சொல்லிட்டேன் போல, பக்கத்து ரூம்ல இருந்து எட்டிப் பாத்தாங்க. அன்னைக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு! இந்தப் புது வெர்ஷன்ல எனக்குப் பிடிக்காதது ஒண்ணுமே இல்ல. அப்டேட்டை முதல்ல அஞ்சு மெஷினுக்குப் போடுது, முதல் தோசையைக் கல்லுக்குக் கொடுத்துப் பாக்கிற மாதிரி, நல்லா வந்தாதான் அடுத்த இருபது, அப்புறம்தான் எல்லாத்துக்கும். ஆளு வேலையில இருந்தா மெஷினை அணைச்சுப் போடாது, காத்திருக்கும், செவித்திறன் சோதனை நடக்கும்போது பாதியில ரீஸ்டார்ட் ஆகி டாக்டருங்க என்னை ஏசின காலமெல்லாம் போச்சு. யாரோட மெஷின்னு முகத்தோட காட்டுது. இதை எல்லாம் யோசிச்ச ஆளு சும்மா யோசிச்சிருக்க மாட்டாங்க, எங்கயோ ஒரு நாள் தப்பான மெஷினை அழிச்சிருக்காங்க, ஒருத்தி அழுததை நேர்ல பாத்திருக்காங்க. பட்டாத்தான் இப்படி வரும். நானும் அந்தக் கம்பெனிக்கு அப்போ நாலு பக்கம் எழுதினேன், என் இங்கிலீஷ்ல, அழுதுக்கிட்டே, அழிக்கிறதுக்கு முன்னாடி என்ன அழியும்னு சொன்னா உங்க சொத்தா போயிடும்னு. உங்கள் கருத்துக்கு நன்றின்னு தானா ஒரு பதில் வந்துச்சு. என்னை மாதிரி எத்தனை பேர் எழுதினாங்களோ. நம்பரையும் அப்போவே மாத்திட்டேன், நூத்துப் பன்னெண்டு மெஷினுக்கும் புது ஸ்டிக்கர், கூட்டினா எட்டு வர்ற நம்பரே கிடையாது, 8 இல்ல, 17 இல்ல, 26 இல்ல, 35 இல்ல. ஆடிட்டுக்கு வந்த ஆளு, நடுவுல நம்பர் எல்லாம் விட்டுப் போயிருக்கேன்னு கேட்டாரு. ராசியில்ல சார்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு எழுதிக்கிட்டாரு.

பதினொண்ணு. கட்டத்துல எழுத்து மாறுது. பார்த்துவிட்டார். பாத்துட்டா! பூங்கோதை பாத்துட்டா, மணி பதினொண்ணு ஒண்ணு. அப்போ பட்டியலைப் பாத்திருப்பா. அஃப்ரின் போகப் போறதைப் பாத்திருப்பா. அமுக்கு. அமுக்கல. ஒருவேளை ஏற்கனவே ஆன் பண்ணிட்டாளா? பண்ணிட்டுத்தான் போனைப் பாத்தாளா? அப்படின்னா இன்னைக்கு ரெண்டாவது தடவை. சம்மதம்னு அமுக்கினா அவ கையாலேயே அவ அழிக்கிற மாதிரி. அதுக்குத்தான் கை வரல. நான்தான் ஒரு தடவை கேக்காம அழிச்சேன், இப்போ கேட்டுக் கேட்டு அவளையே அழிக்க வைக்கிறேன். இதுதானா நீ செஞ்ச பெரிய மரியாதை, ஜெசிந்தா? பத்து நிமிஷம். அவ என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல தெரியுமா, அன்னைக்குப் புகார் ஃபாரத்துல. என் வேலை போயிருக்கணும். லேப்டாப் அழிந்தது, காரணம் ஸ்டிக்கர் மாற்றம்னு ரெண்டே வரி எழுதிக் கொடுத்தா, சிவப்பு மெயில் விஷயம் அவளுக்குத் தெரியும், எழுதல. முப்பத்தேழு வீட்டுக்கும் அவளே போனா, லால்குடி, முசிறி, பெரம்பலூர்னு பஸ் ஏறிப் போய், உங்க பிள்ளையோட பதிவு போயிருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னா. நான் கூட வர்றேன்னேன். “வேண்டாம் ஜெசிந்தா மேடம்”னா. அன்னையில இருந்து நான் மேடம். ஜெசின்னு கூப்பிட்டவ, வாடி போடின்னு பேசினவ. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன், முகத்துல துப்பியிருந்தாக்கூட துடைச்சுட்டு அடுத்த நாள் டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன். மேடத்துக்கு என்ன பண்றது? அதுக்கு அப்புறம் ஆய்வை முதல்ல இருந்து ஆரம்பிச்சா. அஃப்ரின் ஒம்பதாவது பிள்ளை.

எட்டு நிமிஷம்னு திரை சொல்லுது, அந்த எட்டைப் பாத்த நேரம் பச்சைப் புள்ளி அணைஞ்சு போச்சு. ரெங்கமணி சார், உங்க வாயில சர்க்கரை போட. அணைஞ்சே போச்சா? சாம்பல் நிறம். மூடிட்டான். டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டு இருக்கானோ? அஃப்ரின் வீட்டு விலாசம், அவ அம்மா நம்பர், இன்னும் எட்டுப் பிள்ளைங்க நம்பர், எல்லாம் இப்போ எவன் கையிலயோ. யேசுவே. கேக்காம அழிக்கிற அதிகாரமும் எனக்கு இருக்கு, அதையும் சொல்லிடுறேன், மறைக்க மாட்டேன். அவசரம்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கு கீழ, அதைத் தொட்டா சம்மதம் வேண்டாம், காரணம் மட்டும் எழுதினா போதும். அப்பவே பத்து ஐம்பத்திரண்டுக்கே தொட்டிருக்கலாம், யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஒம்பது பிள்ளைங்களோட விவரம் பெருசா ஒரு பிள்ளையோட அழுகை பெருசான்னு கேட்டா டைரக்டர் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். கையை அங்க கொண்டு போனேன். நான் இப்போ தொட்டேன்னா சரியாத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அன்னைக்கும் சரியாத்தான் செய்றேன்னு நினைச்சேன். ஏழு நிமிஷம். சாம்பல்லயே நிக்குது. தாகமா இருக்கு, தண்ணி பாட்டில் மேசை அந்தப் பக்கம் இருக்கு, எடுத்தா திரையில இருந்து கண்ணை எடுக்கணும். ஆறு நிமிஷம். பச்சை வந்துருச்சு! வந்துருச்சு, அதே மார்க்கெட் பக்கம், மின்சாரம் போயிட்டு வந்திருக்கும், என் ராசா, திருட்டுப் பயலே, அஞ்சு நிமிஷம் அப்படியே இரு, விலை படிஞ்சு போயிறாதே, நல்லா பேரம் பேசு. இன்னும் ஒரு நிமிஷம் பாப்பேன். அதுக்கு அப்புறம் அவசரக் கட்டத்தைத் தொட்டுருவேன், பூங்கோதை என்னைப் பாக்கவே பாக்காட்டியும் சரி.

நாலு நிமிஷம். கட்டம் மாறிச்சு. சம்மதம் தரப்பட்டது. காரணம்னு ஒரு இடம் இருக்கு, எழுதணும்னு கட்டாயம் இல்ல, நிறைய பேரு புள்ளி வச்சுட்டு விட்டுருவாங்க. அதுல எழுதியிருந்துச்சு: இன்னும் ஆன் பண்ணல. திரும்ப எடுத்துட்டேன், மூணும். அழிச்சிடு ஜெசி. ஜெசி. ரெண்டு தடவை படிச்சேன், மூணாவது தடவை படிக்க நேரம் இல்ல, பாஸ்வேர்டு போடணும், முதல் தடவை தப்பாப் போட்டேன், எழுத்தே தெரியல, கண்ணைத் துடைச்சுட்டு ரெண்டாவது தடவை போட்டேன். உத்தரவு சென்றது. அழிகிறது. அழிந்தது. மணி பதினொண்ணு ஒம்பது. காந்தி மார்க்கெட்ல எவன் முகமோ கருப்பாயிருக்கும், ஆகட்டும். அப்போ அவ பாத்துட்டு அமுக்காம இருந்த அந்த ஏழு நிமிஷமும் பிள்ளையோட உக்காந்து போன்லயே மறுபடி பதிவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கா. ஆன் பண்ணக் கையை வச்சவ, பட்டியலைப் பாத்து கையை எடுத்திருக்கா. நான் என்னென்ன நினைச்சேன் பாவி. போன் மின்னுது. பூங்கோதை அனுப்பின மூணு கோப்பு, ஆஸ்பத்திரி நெட்டுல வருது, கூட ஒரு வரி: ரெண்டு இடத்துல வைடி. நான் மூணு இடத்துல வச்சேன். வச்சுட்டு, சரியா வந்திருக்கான்னு பாக்கணுமே, அதுக்காகத்தான், மூணாவதைத் திறந்தேன். முதல்ல ஒரு சலசலப்பு, என்னன்னு புரியல, அப்புறம் புரிஞ்சுது, வளையல், கண்ணாடி வளையல் பன்னெண்டும், கழட்டி வைக்கிறதுக்கு அவளுக்கு நேரம் இருந்திருக்காது. அதுக்குப் பின்னாடி அஃப்ரின் அவ அம்மாவைக் கூப்பிடுறா, அம்மான்னு இல்ல, உம்மான்னும் இல்ல, மூக்கால நீட்டி ஒரு சத்தம், ஙாஆ, ஙாஆன்னு, தன் காதுக்கே கேக்காத சத்தம், இன்னும் இருபது நிமிஷத்துல யாருக்கும் மறுபடி கிடைக்காத சத்தம். முழுசா கேட்டேன். அப்புறம் தண்ணி குடிச்சேன், டப்பா கொண்டு வந்திருக்கேனான்னு பையைத் திறந்து பாத்தேன்.